கல்லறைத் தோட்டத்தில் பெயர்பெற்றவர் எவரும் இல்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, செப்டம்பர் 28

கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கமாகியிருக்கும் குறிப்பிடத்தக்கவர்களைப் பங்கு (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) வாரியாகப் பட்டியலிட வேண்டும் என்று சிலர் சொல்லி வருகிறார்கள். குறிப்பிடத்தக்கவர்கள் எல்லாரும் கோயிலுக்குள் பீடத்தருகே அல்லவா இருக்கிறார்கள்? வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியிலும் மறைசாட்சி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ஓரியூரிலும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. வெளியே தோட்டத்தில் கிடப்பவர்கள் சாதாரண மக்கள். இதற்கு மேல் பட்டியலிட என்ன இருக்கிறது?

செப்டம்பர் 29

முதலில் இடங்களைச் சரிசெய்ய வேண்டும். ஏலாக்குறிச்சி வீரமாமுனிவர் கோயில் எழுப்பிப் பணியாற்றிய ஊர். அவர் பெயரோடு அந்த ஊர் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டதால், அவர் கல்லறையும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவர் 1747 பிப்ரவரி 4 அன்று, இன்றைய கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்திலுள்ள அம்பழக்காட்டில் இறந்தார். அதையடுத்த சம்பாளூரில் அடக்கம் செய்யப்பட்டார். பழைய வரலாறுகள் அவர் 1742இல் மணப்பாட்டில் இறந்தார் என்று எழுதிவிட்டதால், மணப்பாட்டுக்குப் போய்த் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு.

அருளானந்தர் 1693இல், அதே பிப்ரவரி 4ஆம் நாளில், ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவருடைய உடலை முறைப்படி அடக்கம் செய்யும் வாய்ப்பு அன்றைக்குக் கிடைக்கவில்லை. ஓரியூரில் மக்கள் மண்டியிடுவது அவர் இரத்தம் சிந்திய மண்ணில். ஆகவே கேள்வியில் சொல்லப்பட்ட இரண்டு கல்லறைகளுமே சொல்லப்பட்ட இடத்தில் சொல்லப்பட்டபடி இல்லை. எல்லாருக்கும் தெரிந்தது என்று நாம் விட்டுவிடும் செய்திகளைத்தான் முதலில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 29, இரவு

இரண்டாவது கூற்று இன்னும் முக்கியமானது. பெரியவர்கள் கோயிலுக்குள், மற்றவர்கள் வெளியே என்பது பழங்காலத்தைப் பற்றிய ஒரு நினைவு மட்டுமே. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1242ஆம் பிரிவு, திருத்தந்தையையும், தங்கள் சொந்தக் கோயிலில் அடக்கமாகும் கர்தினால்களையும் மறைமாவட்ட ஆயர்களையும் தவிர வேறு எவரையும் கோயிலுக்குள் அடக்கம் செய்யக் கூடாது என்கிறது. 1917ஆம் ஆண்டின் பழைய தொகுப்பும் இந்த உரிமையைக் குறுகிய வட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தது. ஒரு நூற்றாண்டாகப் புலவரானாலும் நடிகரானாலும் நீதிபதியானாலும் பள்ளி நிறுவியவரானாலும் கத்தோலிக்கர் எனில் தோட்டத்துக்குத்தான் போகிறார். அங்கே அவர் அருகில் மீனவரும் நெசவாளரும் இருக்கிறார்கள். பட்டியல் தோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அக்டோபர் 2

எடுத்துக்காட்டு கேட்டிருக்கிறார்கள். சென்னைப் பட்டினப்பாக்கத்தை ஒட்டிய குவிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் நடிகரும் பாடகருமான சந்திரபாபு அடக்கமாகியிருக்கிறார். 1974 மார்ச் 8 அன்று இறந்தபோது அவருக்கு 46 வயது. ஒரு காலத்தில் தமிழ்த் திரையில் மிகுந்த ஊதியம் பெற்றவர்களுள் ஒருவர், கடைசி ஆண்டுகளில் கையில் ஒன்றுமில்லாமல் இருந்தார் என்பதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஜோசப் பிச்சை பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ் என்பது முழுப்பெயர். பனிமய மாதாவின் ஊரில் பிறந்த பிள்ளை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். கல்லறைப் பட்டியல் போடுகிறவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சந்திரபாபு என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பங்குப் பதிவேட்டைப் புரட்டினால் அவரைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போகலாம்.

இன்னொருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்து, 1889 ஜூலை 21 அன்று மாயூரத்தில் இறந்து, அங்கேயே அடக்கமானார். தமிழின் முதல் புதினத்தை 1879இல் வெளியிட்டவர் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். முன்சீப்பாக இருந்துகொண்டே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் வெளியிட்டதும், பெரும் பஞ்சக் காலத்தில் தம் பொருளைச் செலவிட்டு மக்களுக்கு உணவளித்ததும் அதைவிடப் பெரிய செய்திகள் என்று நான் கருதுகிறேன். எல்லாச் சமயத்தவரும் பாடும்படி கீர்த்தனை இயற்றிய ஒரு கத்தோலிக்கரின் கல்லறை எங்கே என்று மயிலாடுதுறைக்கு வரும் மாணவன் ஒருவன் கேட்டால், வழிகாட்ட அந்தத் தெருவில் யாராவது இருக்க வேண்டும்.

அக்டோபர் 3

மேலே பதிவேடு என்று சொன்னதை விளக்கிவிடுகிறேன். திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் 1563இல் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. அடக்கப் பதிவுக்கான மாதிரியை 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் வகுத்துத் தந்தது. இன்றைய சட்டத்தின் 535ஆம் பிரிவும் ஒவ்வொரு பங்கிலும் இறந்தோர் பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. பழைய பங்குகளில் முதல் ஏடுகள் இலத்தீனிலோ போர்த்துக்கீசியத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும். தமிழுக்கு மாறியது பிற்காலத்தில்.

ஒரு பங்கின் பழைய ஏட்டைப் படியெடுக்கும் வேலையில் நானும் கூட இருந்திருக்கிறேன். ஒரு வரியில் இறந்த நாள், அடக்கமான நாள், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, அவஸ்தைப் பூசுதல் (சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் சடங்கு) பெற்றாரா என்பது, அடக்கம் செய்த குருவின் கையொப்பம் என்று இருக்கும். கொள்ளைநோய் வந்த ஆண்டில் ஒரே நாளுக்கு எதிரே பெயர்கள் அடுக்கடுக்காக வரும். குருவின் கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் கலைந்துகொண்டே போகும். பிறகு அந்தக் குருவின் பெயரே வேறொருவர் கையெழுத்தில் வரும். அவர் எந்த வரலாற்றிலும் இல்லாதவர். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு, குறிப்பிடத்தக்கவர் யார் என்ற கேள்விக்கு நான் முன்போல எளிதாக விடை சொல்வதில்லை.

அக்டோபர் 3, சிறு சேர்க்கை

பெயர் மட்டும் போதாது. அந்தோணி, சவேரியார், மரியாள், சூசையம்மாள் என்ற பெயர்கள் ஒரே ஆண்டில் பல முறை வரும். கடற்கரைப் பங்குகளில் பர்னாந்து, ரோட்ரிகோ என்ற குடும்பப் பெயர்கள் ஊர் முழுவதற்கும் பொதுவானவை. தந்தை பெயர், தெரு, வயது மூன்றும் பொருந்தினால் மட்டுமே ஒரு வரியை ஒரு மனிதருக்கு உரியதாக்க வேண்டும்.

அக்டோபர் 8

நாகர்கோவிலிலுள்ள கோட்டாற்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் எறியப்பட்ட அவர் உடலை மக்கள் சில நாள் கழித்துத் தேடியெடுத்து வந்து, கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் பீடத்தின் முன்னே அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2 அன்று அருளாளராகவும் 2022 மே 15 அன்று புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இன்று அந்தக் கல்லறையின் முன்னே கூட்டம் குறைவதே இல்லை.

அவர் மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றவர். கணவர் கொல்லப்பட்ட பின் திருவிதாங்கூரை விட்டு வடக்கன்குளத்துக்கு வந்து, 1766இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார், அங்கேயே அடக்கமானார். சொந்தபந்தமும் வீடும் நாடும் இழந்து, பதினான்கு ஆண்டுகள் அந்நிய ஊரில் விசுவாசத்தோடு இருந்த ஒரு பெண்ணின் சாட்சியம் எந்த வகையில் சிறியது? கணவர் கோயிலுக்குள்ளே, மனைவி தொலைவில் இன்னோர் ஊர் மண்ணிலே. என் பட்டியலில் இருவரும் ஒரே பதிவில் சேர்ந்து வருவார்கள்.

அக்டோபர் 9

கல்லே இல்லாதவர்களை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கிறார்கள். தத்துவபோதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1656 ஜனவரி 16 அன்று மயிலாப்பூரில் இறந்தார். சுட்டிக்காட்டக்கூடிய கல்லறை இன்று இல்லை. அண்டிரிக் அடிகள் 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இவர் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 16 பக்கத் தமிழ் நூலை அச்சேற்றியவர். இந்திய மண்ணில் தமிழ் எழுத்து அச்சில் வந்த கதை அவரில்தான் தொடங்குகிறது. இன்று நாம் பார்க்கும் பனிமய மாதா கோயிலோ 1713இல் எழுந்தது. அவர் அடக்கத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. கட்டடம் மாறும்போது தரைக்கல்லும் மாறுகிறது. கடிதங்களும் பதிவேடுகளும்தான் பிறகு சாட்சி சொல்கின்றன.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவர் இங்கேதான் இருக்கிறார் என்பது நமக்கு எப்படித் தெரியும் என்பதை எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கல், பதிவேடு, அக்காலக் கடிதம், ஊர் மரபு ஆகிய நான்கில் ஒன்றையேனும் காட்ட வேண்டும். ஊர் மரபை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் மரபு என்று எழுதிவிட்டால் பின்னால் வருகிறவர் அதை ஆவணம் என்று எண்ணி ஏமாற மாட்டார். வீரமாமுனிவர் விஷயத்தில் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த குழப்பம் இந்த ஒரு குறிப்பு இல்லாததால் வந்தது.

அக்டோபர் 9, பின்னிணைப்பாக

அம்பழக்காட்டைப் பற்றி ஒரு செய்தி. தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அச்சான ஊர் அதுதான், ஆண்டு 1679. அதைத் தொகுத்த அந்தாவோ தெ புரோயென்சா அச்சைக் காணாமலே 1666இல் இறந்துவிட்டார். 1732இல் சதுரகராதியை முடித்த வீரமாமுனிவர் தம் கடைசி நாட்களைக் கழித்தது, முன்னோடி ஒருவரின் அகராதி அச்சேறிய அதே ஊரில். தமிழ் அகராதி மாணவர்கள் ஒருமுறையாவது அந்த மண்ணுக்குப் போய்வர வேண்டும்.

அக்டோபர் 14

கத்தோலிக்கக் கல்லறையில் இருப்பவர்கள் மட்டும்தானா, கத்தோலிக்கர் வசமிருந்து கைமாறிய இடங்களும் சேருமா என்பது நல்ல கேள்வி. சென்னை வேப்பேரியில் புனித மத்தியாசு கோயில் வளாகத்தில் அர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் அடக்கமாகியிருக்கிறார். இறந்த ஆண்டு 1751. அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தை 1726இல் கட்டித் தந்தவர், பரங்கிமலைப் படிகளை அமைத்துத் தந்தவர் அவர். வேப்பேரியில் அவர் எழுப்பியது கத்தோலிக்கச் சிற்றாலயம். அவர் மறைந்த சில காலத்திலேயே ஆங்கிலேயர் அதைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்துப் புராட்டஸ்டண்டுகளிடம் கொடுத்தார்கள். உஸ்கான் இடம் மாறவில்லை, கோயில்தான் கைமாறியது. அவர் விருப்பப்படி அவருடைய இதயம் மட்டும் பொற்பேழையில் பாரசீகத்து ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது. அடக்கமான நாளில் அந்த இடம் யாருடையதாக இருந்தது என்பதை வைத்துச் சேர்ப்பதே முறை.

அக்டோபர் 20

இதை எழுதலாமா என்று சில நாட்கள் யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளை மற்றவர்களுடையவற்றிலிருந்து பிரித்து ஒரு சுவர் நின்றதும், அதை அகற்றக் கோரிப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்ததும் ஊரறிந்தவை. சுவர் இல்லாத பல ஊர்களிலும் மூலைகள் இருக்கின்றன. ஒரு மூலையில் சலவைக்கல். இன்னொரு மூலையில் மண்மேடும் மரச்சிலுவையும். மரச்சிலுவை சில மழைக்காலங்களுக்கு மேல் நிற்காது. கல் நட வசதியுள்ளவர்களை மட்டும் படித்துவிட்டு இவர்களே இந்த ஊரின் குறிப்பிடத்தக்கவர்கள் என்று பட்டியல் போட்டால், நாம் அந்தச் சுவரைத் தாளில் இன்னொரு முறை கட்டுகிறோம். பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது முதன்மையாக இதற்காகவே. பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே அளவு வரிதான்.

அக்டோபர் 21

நேற்றைய குறிப்பைப் படித்தவர்கள், பிறகு யாரைத்தான் குறிப்பிடத்தக்கவர் என்பீர்கள் என்று கேட்கிறார்கள். நாட்டுக்குத் தெரிந்தவர்கள் ஒரு பகுதி. குருவானவர் ஆண்டுக்கு ஓரிரு முறையே வந்து பூசை வைத்த காலத்தில் செபம் சொல்லிக் கொடுத்து, சாகக் கிடந்த பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்து, பிணத்துக்கு முன்னே சிலுவை பிடித்துப் போன உபதேசியார் அடுத்த பகுதி. எஸ்தாக்கியார் நாடகம் போன்ற கூத்துகளை ஊருக்குப் பழக்கிய அண்ணாவியார், தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் படித்தவர், மணி அடித்த கோயில்பிள்ளை, பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி ஆகியோரும் வேண்டும். இவர்களில் சிலரைப் பற்றிப் பதிவேட்டின் ஓரத்திலேயே குரு ஒரு வரி எழுதி வைத்திருப்பார். அந்த ஓர வரிகளைப் படியெடுக்கிறவர்கள் விட்டுவிடக் கூடாது.

அக்டோபர் 27

நவம்பர் 2ஆம் நாள் வரும் கல்லறைத் திருநாளுக்கு முன் எல்லா ஊரிலும் தோட்டத்தைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை நடக்கும். இப்போது சொன்னால்தான் பயன்படும். பழைய கல்லின் மேல் ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசினால் எழுத்து மெல்ல நிரம்பி மூடிப்போகும். மேடைக்கு அடியுங்கள், எழுத்துள்ள பலகையை விட்டுவிடுங்கள். கம்பித் தூரிகையும் அமிலமும் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக்கல்லையும் சலவைக்கல்லையும் அமிலம் தின்றுவிடும். தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். தேய்ந்த எழுத்தைக் காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள்; உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாத கல், அந்த நேரத்தில் முழுவாசகத்தையும் காட்டும். சுற்றுச்சுவர் எடுத்துக் கட்டும்போது பெயர்ந்து கிடக்கும் கற்களை நடைபாதைக்குப் போட்டுவிட்ட ஊர் ஒன்றை எனக்குத் தெரியும். காலடியில் இருந்த ஒரு பெயர் நான் பல காலம் தேடிய பெயர்.

அக்டோபர் 28

இட நெருக்கடியைப் பற்றிக் கேட்டவருக்கு: நகரங்களில் குடும்பக் கல்லறையைச் சில ஆண்டுகள் கழித்துத் திறந்து, அதே குடும்பத்தில் அடுத்தவரை அடக்கம் செய்வது வழக்கமாகிவிட்டது. அதில் தவறு காண ஒன்றுமில்லை. புதிய கல்லில் பழைய பெயரையும் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். எரிப்பதற்கும் திருச்சபை 1963இல் இசைவு தந்துவிட்டது. சாம்பலைப் புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வந்த அறிவுரை சொல்கிறது. அடக்கமே சிறந்தது என்ற பரிந்துரை மட்டும் மாறவில்லை.

நவம்பர் 2

இன்று குரு கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதித்து முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பதிவேட்டுப் பெயர்களோடு ஒரு வரிசையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தோம். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த வீட்டாரிடம் கேட்டதில், கல் சொல்லாததும் ஏடு சொல்லாததும் கிடைத்தன: தாத்தாவின் வீட்டுப் பெயர், அவர் எந்தத் தோணியில் வேலை பார்த்தார், எந்தப் பள்ளியின் முதல் வகுப்பில் படித்தார். ஆண்டில் இந்த ஒரு நாளில்தான் கல்லறையும் அதற்கு உரியவர்களும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். பட்டியல் வேலை செய்ய நினைக்கும் பங்குகள் இந்த நாளை விட்டுவிடக் கூடாது.

நவம்பர் 6

சிவகங்கை மாவட்டத்துச் சருகணியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருப்பது நியாயம். லெவே அடிகள் 1884இல் பிரான்சில் பிறந்து, மறவ நாட்டில் வாழ்நாள் முழுவதையும் கழித்து, 1973 மார்ச் 21 அன்று இறந்து, சருகணியில் அடக்கமானார். அவரைப் புனிதராக்கும் முயற்சி நடந்து வருகிறது. அவர் கல்லறைக்குக் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வருகிறார்கள். எல்லாச் சமயத்து ஏழைகளுக்கும் கையிலிருந்ததைக் கொடுத்த மனிதர் என்ற நினைவு அந்தப் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இவரைப் போன்றவர்களுக்குப் பட்டியல் தேவையில்லை என்று சொல்லலாம். பட்டியலுக்கு இவர்கள் தேவை.

நவம்பர் 7

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவருக்கு: ஈழத்தில் சேமக்காலை எனப்படும் கல்லறைத் தோட்டங்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும், அதை அங்குள்ளவர்களே செய்ய வேண்டும். கரம்பனில் 1913இல் பிறந்து, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964இல் உருவாக்கியவர்களுள் முன்னின்று, 1980 செப்டம்பர் 1 அன்று மறைந்த தனிநாயகம் அடிகளும், 1981இல் யாழ் நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்விட்ட தாவீது அடிகளும் முதலில் எழுதப்பட வேண்டியவர்கள். கோவாவிலிருந்து வந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, 1742இல் இறந்து, போலவத்தையில் அடக்கமான யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போரில் இடிந்த கோயில்களின் பதிவேடுகள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்பதையும் கூடவே எழுதி வைப்பது நல்லது.

நவம்பர் 15

ஒரு வரம்பு சொல்ல வேண்டியிருக்கிறது. அண்மையில் இறந்தவர்களின் பெயரை வீட்டாரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடாதீர்கள். இறப்பின் காரணம் பதிவேட்டில் இருந்தாலும் படியெடுக்காதீர்கள். ஏட்டைப் படம் பிடிக்கப் பங்குத்தந்தையின் அனுமதி கட்டாயம் வேண்டும். மறைமாவட்டத்தின் அனுமதி தேவையா என்பதை அவரே சொல்லுவார்.

நவம்பர் 23

ஞானப்பூ அம்மாளைக் கணவரோடு ஒரே பதிவில் சேர்ப்பேன் என்று அக்டோபர் 8 அன்று எழுதியிருந்தேன். ஒரு வாசகி, அவருக்குத் தனிப் பதிவு வேண்டும் என்கிறார். யாருடைய மனைவி என்பதற்காக அல்லாமல் அவர் செய்ததற்காகவே அவர் பட்டியலில் வர வேண்டும் என்பது அவருடைய வாதம். அது சரியான வாதம். வடக்கன்குளம், ஞானப்பூ அம்மாள், 1766 என்று தனியே எழுதி, கோட்டாற்றுப் பதிவுக்கு ஒரு சுட்டு கொடுத்துவிட்டேன். அதே முறையில் உபதேசியார்களின் மனைவியரையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர்கள் பல ஊர்களில் அவர்கள்தான். பதிவேட்டில் அவர்கள் வரியிலும் ஓரக் குறிப்புகள் இருக்கின்றன.